குண்டானின் அடியில் ஒரு பெயர்

டிசம்பர் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஜனங்கள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், நொப்ளெசா குடும்பத்துக் கைப்பேசிகள் எல்லாம் ஒரே சமயத்தில் சிணுங்கும். தீத்தா சலோமேயின் பட்டியல் வந்துவிட்டது என்று அர்த்தம். தீத்தா என்றால் அத்தை. ஆனால் சலோமே ஊருக்கே தீத்தா, கூடப் பிறந்த தம்பிகளே அவளைப் பாதி தீத்தாவாகத்தான் பார்ப்பார்கள். கிறிஸ்துமஸ் மதியம் இலோயிலோ நகரத்து மொலோ பகுதியில் அவள் வீட்டில் கூடும் நாற்பத்து மூன்று பேரில் யார் எந்தப் பதார்த்தம் கொண்டுவர வேண்டும் என்று அவள்தான் எழுதுவாள். எழுதியது எழுதியதுதான். மாற்றிக் கேட்ட ஆள் இன்றுவரை இல்லை.

இந்த வருடமும் வந்தது. தம்பி ரமிரோ, நெருப்பில் வாட்டிய முழுப் பன்றி. கனடாவிலிருந்து வரும் மருமகன், ஹாம். எஸ்தெர், பழக்கலவை. சலோமே, துவரையும் பன்றிக்காலும் பலாக்காயும் போட்ட குழம்பு. இப்படியே இறங்கி இறங்கி, காகிதத் தட்டுக்கும் கீழே, கடைசி வரி: ஹிமாயா, ஐஸ்.

இது ஏழாவது வருடம்.

அந்தக் குடும்பத்தில் ஒருவருடைய அந்தஸ்தைத் தெரிந்துகொள்ள ஜாதகம் பார்க்க வேண்டாம், பட்டியலைப் பார்த்தால் போதும். ஹாம் என்றால் வெளிநாடு. முழுப் பன்றி என்றால் சொந்தத் தொழில். ஐஸ் என்றால் வேலை வெட்டி இல்லாதவள், அடுப்பு பற்ற வைக்கத் தெரியாதவள், இன்னும் ஒரு வழிக்கு வராதவள். ஐஸ் கொண்டு வந்தவளைப் பார்த்து "உன் கைப்பக்குவம் அபாரம்" என்று எவரும் சொல்லப் போவதில்லை. மூன்று மணிக்கு அது தண்ணீராகிவிடும், அவள் வந்தாளா இல்லையா என்பதே ஜனங்களுக்கு மறந்துவிடும்.

ஹிமாயாவுக்கு வேலை இல்லை என்று சொல்வது பொய். இருபத்தாறு வயதுக்கு அவள் எழுதித் தள்ளியது கொஞ்சநஞ்சமல்ல. பகலெல்லாம் முகம் தெரியாத ஒரு அமெரிக்கக் கம்பெனிக்காக நாய்ப் படுக்கையையும் பூனைச் சீப்பையும் விற்க ஆங்கிலத்தில் வாசகம் எழுதினாள். அதில் அவள் பெயர் எங்கும் இருக்காது. சனிக்கிழமைகளில் தோழி ஜோவெலினின் ஸ்கூட்டரில் ஏறி இலோயிலோவைச் சுற்றிச் சாப்பிட்டாள். லா பாஸ் சந்தையில் மூளையும் ஈரலும் மிதக்கும் சூடான நூடுல்ஸ் சூப், கடற்கரையில் வாளி வாளியாகச் சிப்பி, பள்ளிக்கூட வாசலில் வறுத்த குடல். சாப்பிட்டதை ஞாயிறு அன்று உட்கார்ந்து சொந்தப் பாஷையான இலோங்கோவில் எழுதி உள்ளூர் வாரப் பத்திரிகைக்கு அனுப்புவாள். அவர்களும் இடம் இருந்தால் போடுவார்கள், இல்லையென்றால் சவப்பெட்டி விளம்பரம் போடுவார்கள்.

"உன் எழுத்தைவிடச் செத்தவனுக்கு மவுசு அதிகம்டி" என்பாள் ஜோவெலின்.

"அவன் ஒரு தடவைதான் வருவான். நான் வாராவாரம் வருவேன்."

நவம்பர் கடைசியில் பத்திரிகை ஆசிரியர் மனோங் லித்தோ கூப்பிட்டனுப்பினார். மனோங் என்பது அண்ணன் முறை, வயதென்னவோ அறுபதுக்கு மேல். "கிறிஸ்துமஸ் இதழுக்கு ஒரு முழுப் பக்கம் தர்றேன். நல்லா வந்தா ஜனவரியிலிருந்து உனக்குன்னு தனிப் பத்தி. மேல உன் பேரு, பக்கத்துல உன் மூஞ்சி. நல்லா வரலன்னா மனசு விட்டுப் பேசிக்கலாம், அப்புறம் என்னைத் தேடி வராதே" என்றார். ஹிமாயா இருபதாம் தேதி மதியத்துக்குள் தருவதாகச் சொல்லிவிட்டு, மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாண்டி இறங்கினாள். அவளுக்கு வேண்டியது அந்தப் பெயர்தான். தலைப்புக்கு மேலே, எல்லோரும் படிக்கிற எழுத்தில்.

அதற்கு அடுத்த சனிக்கிழமைதான் ஜோவெலினும் அவளும் பக்கத்து ஊரான ஓதோனுக்குப் போனார்கள். பயணிகளை ஏற்றும் ஜீப்னி வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் பின்னால், ஓட்டுநர்கள் சாப்பிடும் தகரக் கொட்டகைக் கடை. ஆறு பாத்திரம், நான்கு பெஞ்சு. ஹிமாயா துவரைக் குழம்பு வாங்கினாள். கறுப்புத் துவரை, தணலில் சுட்ட பன்றிக்கால், பிஞ்சுப் பலா, புளிப்புக்குப் பத்வான் காய். முதல் வாய் உள்ளே போனதும் அவளுக்குக் கை நின்றுவிட்டது. மொலோ வீட்டுக் கூடம், பாட்டு மெஷின் அலறல், நெற்றியில் ஒற்றி ஆசி வாங்கச் சொல்லிக் கை நீட்டும் கிழவர்கள் எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. வருடத்தில் ஒரே ஒரு நாள், டிசம்பர் இருபத்தைந்து மதியம் பன்னிரண்டரைக்கு மட்டும் அவள் நாக்கில் படுகிற ருசி அது.

"என்னடி, எலும்பா?" என்றாள் ஜோவெலின்.

"இது எங்க தீத்தா குழம்பு."

"எல்லாத் துவரையும் துவரை மாதிரிதான் இருக்கும். சாப்பிடு."

ஹிமாயா தட்டை வைத்துவிட்டுக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். கழுவிய பாத்திரங்கள் பலகையில் கவிழ்ந்து கிடந்தன. அவற்றில் ஒரு பெரிய அலுமினியக் குண்டான். அதன் அடியில் சிவப்பு நகப்பூச்சால் எழுதியிருந்தது: சலோமே நொ.

அந்தப் பக்கத்தில் விருந்துக்குப் போகும் பாத்திரம் எதுவும் பெயர் இல்லாமல் வீட்டைத் தாண்டாது. பெயர் இல்லாத டப்பா திரும்பி வந்த சரித்திரம் இல்லை. அதனால் பெண்கள் மிச்சமிருக்கும் நகப்பூச்சை எடுத்து அடியில் எழுதிவிடுவார்கள், தண்ணீருக்கும் நெருப்புக்கும் அது அசையாது. தீத்தா சலோமேயின் எழுத்தை ஹிமாயா எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பாள். முப்பத்து நான்கு வருடம் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்து ஊர்ப் பெயர்களை எல்லாம் எழுதிய கை அது. முதலெழுத்தின் வால் மட்டும் கொஞ்சம் திமிராக வளைந்திருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள், பெயரை மறைக்க மறந்துவிட்டாள்.

கடைக்காரி மனாங் ஓபெங், ஐம்பத்தைந்து வயது, தோளில் ஈரத் துண்டு. மனாங் என்றால் அக்கா, இளம் பெண்களை அவள் இன்டாய் என்றுதான் கூப்பிடுவாள். ஹிமாயா குண்டானையே பார்ப்பதைக் கண்டாள்.

"அது விலைக்கு இல்ல, இன்டாய். வாடிக்கைக்காரங்களோடது. மாசம் பிறந்ததும் குடுத்தனுப்பிடுவாங்க, நான் மறந்துடக் கூடாதுன்னு. நான் எங்க மறக்கறது, பதிமூணு வருஷமாச்சு."

"கிறிஸ்துமஸுக்கா, மனாங்?"

"காலையில பத்து மணிக்கு ஒரு வண்டி வரும். டிரைவர் மட்டும்தான். அந்தம்மா வந்ததே இல்ல. நல்லவங்க, ஒரு வார்த்தை குறை சொன்னதில்ல. ஒரே ஒரு கண்டிஷன், யார்கிட்டயும் சொல்லக் கூடாது." சொல்லிவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டாள். "பாரு, சொல்லிட்டேன்."

ஹிமாயா தான் யார் என்பதைச் சொன்னாள். குண்டான் யாருடையது என்று தெரியும் என்பதையும் சொன்னாள். ஓபெங்குக்கு முகம் வெளுத்தது. பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் துண்டைப் பிழிந்தாள். வாடிக்கை போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு, அது நியாயம்தான். பத்திரிகைக்கு எழுதப் போவதாகச் சொன்னதும் முதலில் வேண்டாம் என்றாள். ஹிமாயா எழுந்து ஸ்கூட்டர்வரை வந்த பிறகு பின்னாலேயே ஓடி வந்தாள்.

"இன்டாய், எழுதுனா ஓபெங்னு எழுதாதே. அது கூப்பிடற பேரு. ஒஃபெலியா காதாலான்னு எழுது. என் பையன் சவுதியில கப்பல் பட்டறையில இருக்கான், போன்ல படிப்பான். அவங்கம்மா பேரை அச்சுல அவன் பார்த்ததே இல்ல."

"எழுதறேன், மனாங். முழுசா."

அது வாக்கு. அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று.

அவள் எழுதிய முதல் பிரதியில் குண்டான் இல்லை. குழம்பு இருந்தது, ஓபெங்கின் அடுப்பு இருந்தது, ஒரு வருடம் உப்பில் ஊறிய பத்வான் காய் இருந்தது. மனோங் லித்தோ படித்துவிட்டு ஒரே வரியில் பதில் போட்டார்: "சமையல் குறிப்பு கிடைத்தது. கதை எப்போது வரும்?" ஹிமாயாவுக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் அவர்மேல் இல்லை என்பதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மனிதர் சொன்னது சரி. ஓட்டுநர்களுக்குச் சோறு போடும் ஒருத்தி பதிமூன்று வருடம் மொலோவின் பெரிய வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் சமைத்திருக்கிறாள், அவள் பெயர் அங்கே ஒருவருக்கும் தெரியாது. கதை அதுதான். அதை விட்டுவிட்டு எழுதினால் குழம்பில் துவரை இல்லாத மாதிரி.

ஒன்பது நாள் விடியற்காலைப் பூசைகள் தொடங்கிவிட்டன. மூன்றாம் நாள் பூசை முடிந்து, கோயில் வாசலில் மூங்கில் குழாயில் வெந்த ஊதாப் புட்டை வாழையிலையில் வைத்து அம்மாவும் மகளும் தின்றுகொண்டிருந்தபோது, ஹிமாயா விஷயத்தைச் சொன்னாள். அம்மா எஸ்தெர் சலோமேயின் ஒரு தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு அந்தக் குடும்பத்துக்கு வந்தவள். கணவன் போன பிறகும் இருபது வருடமாகப் பழக்கலவை கொண்டுபோய்த் தன் இடத்தைக் காப்பாற்றி வருபவள்.

"அவங்களுக்கு வெட்கக்கேடு ஆயிடும்டி."

"அந்தம்மா பேரு தெரியாம போறது வெட்கக்கேடு இல்லையாம்மா?"

"உங்கப்பா இல்லாத குறைக்கு உன் காலேஜ் பீஸைக் கட்டினது சலோமேதான்."

"தெரியும்."

"தெரிஞ்சும்?"

ஹிமாயா தேங்காய்த் துருவலை விரலால் ஒதுக்கினாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று அம்மா பயப்படுவது புரிந்தது. தனக்கும் பயம்தான். நன்றி கெட்டவள் என்ற பெயர் ஐஸ்காரி என்ற பெயரைவிட மோசம், அது உருகவும் உருகாது. ஆனால் எழுதாமல் விட்டால் ஜனவரியில் நாய்ப் படுக்கை, பிப்ரவரியில் பூனைச் சீப்பு, அடுத்த டிசம்பரில் எட்டாவது ஐஸ். அதையும் மிஞ்சி, ஸ்கூட்டருக்குப் பின்னால் ஓடி வந்தவளுக்குக் கொடுத்த வாக்கு.

"எழுதத்தான் போறேன்மா. ஆனா முதுகுக்குப் பின்னால இல்ல. அவங்க மூஞ்சிக்கு நேரா படிச்சுக் காட்டிட்டுத்தான் அச்சுக்குப் போகும்."

"அவங்க வேணாம்னு சொன்னா?"

"அப்பவும் மனாங் ஓபெங் பேரு வரும். மத்ததை அப்ப பார்த்துக்கலாம்."

எஸ்தெர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். அப்புறம் மிச்சமிருந்த புட்டை மகள் பக்கம் தள்ளினாள். "சாப்பிடு. வெறும் வயித்தோட அந்த வீட்டுக்குப் போகாதே."

பத்தொன்பதாம் தேதி மாலை நான்கு மணிக்கு ஹிமாயா மொலோ வீட்டு மணியை அடித்தாள். தீத்தா சலோமே சாப்பாட்டு மேஜையில் புதிதாக வாங்கிய தட்டுகளைக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்பு நகப்பூச்சால் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆகாதவள், அறுபத்தெட்டு வயது, நிமிர்ந்த முதுகு.

"என்ன, ஐஸை இப்பவே கொண்டு வந்துட்டியா?"

"இல்ல தீத்தா. இதைப் படிக்கணும்."

மூன்று தாள்களையும் நீட்டினாள். வரும் வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த பேச்சை விட்டுவிட்டு, நின்றுகொண்டே இருந்தாள். சலோமே தூரிகையைப் புட்டியில் செருகி மூடினாள், கண்ணாடியைப் போட்டாள், படித்தாள். ஓதோன் வந்தது. கொட்டகை வந்தது. கவிழ்ந்த குண்டான் வந்தது. தீத்தாவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஹிமாயா "மொலோவைச் சேர்ந்த ஒரு பெரிய குடும்பத்து அம்மாள்" என்று எழுதியிருந்தாள். படிப்பவளின் முகத்தில் எதுவும் தெரியவில்லை. கழுத்து மட்டும் மெல்லச் சிவந்தது. கடைசித் தாளை முடித்துவிட்டு மறுபடி முதல் தாளை எடுத்தாள்.

"யாரு சொன்னா? ஓபெங்கா?"

"குண்டான் சொல்லுச்சு. அவங்க மேல தப்பு இல்ல, தீத்தா. அவங்களை விட்டுடாதீங்க. கோபம்னா என்மேல வைங்க."

"உன்மேல வைக்காம வேற யார்மேல வைக்கறது?" சலோமே தாள்களை மேஜையில் தட்டி ஒழுங்காக்கினாள். "இந்தக் குடும்பத்துல பொம்பளைன்னா ஒரு பதார்த்தம் இருக்கணும். எனக்கு முட்டை பொரிக்கத் தெரியாது. காலையில ஆறு மணிக்கு அலுவலகம் போனா சாயந்திரம் ஆறு. எப்ப கத்துக்கறது? எங்க அக்கா உயிரோட இருந்த வரைக்கும் அவதான் பட்டியல் போடுவா. எனக்கு என்ன போட்டான்னு தெரியுமா உனக்கு?"

ஹிமாயாவுக்குத் தெரியவில்லை.

"ஐஸ். இருபத்தி ரெண்டு வருஷம். ஊர்ல பாதிப் பேருக்குப் பேரு எழுதிக் குடுத்தவ, கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஐஸ் மூட்டையைத் தூக்கிக்கிட்டுப் பின்வாசல் வழியா வருவேன். அவ போனதும் பட்டியல் என் கைக்கு வந்துச்சு. முதல் வேலையா நானே எனக்குக் குழம்பு எழுதிக்கிட்டேன்."

"அப்ப எனக்கு ஏன் ஐஸ் போட்டீங்க?" ஹிமாயாவின் குரல் உயர்ந்துவிட்டது. அவள் அதைத் தாழ்த்தவில்லை. "எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே ஏழு வருஷம் போட்டீங்க."

சலோமே அவளை நிமிர்ந்து பார்த்தாள். அவள் அலுவலகத்தில் பதில் இல்லாத விண்ணப்பத்தை ஓரமாக எடுத்து வைப்பது வழக்கம். ஆனால் இதை ஓரமாக வைக்க அந்த மேஜையில் இடம் இல்லை.

"யாராவது ஒருத்தர் கொண்டு வரணும்ல" என்றாள், ரொம்ப மெதுவாக. சொன்ன பிறகு அது பதில் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. நகப்பூச்சுப் புட்டியை ஒதுக்கி வைத்தாள். பிறகு, "பேனா குடு" என்றாள்.

அடிக்கப் போகிறாள் என்று ஹிமாயா நினைத்தாள். எந்த வரியை அடித்தாலும் ஓபெங்கின் பெயரை மறுபடி எழுதிவிடுவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துகொண்டு பேனாவைக் கொடுத்தாள். சலோமே இரண்டாம் தாளை இழுத்தாள். "மொலோவைச் சேர்ந்த ஒரு பெரிய குடும்பத்து அம்மாள்" என்பதன்மேல் ஒரு கோடு இழுத்தாள். மேலே, வளைந்த வாலோடு, நிறுத்தி நிதானமாக எழுதினாள்: சலோமே நொப்ளெசா.

"பேரு இல்லாத காகிதம் செல்லாது. முப்பத்தி நாலு வருஷம் அதைச் சொல்லித்தான் ஜனங்களைத் திருப்பி அனுப்பினேன்" என்றாள். "அவ பேரு சரியா இருக்கான்னு பார்த்துக்க. காதாலான், ஒஃபெலியா. அவ பிறப்புச் சான்றிதழ் நகல் என் கை வழியாப் போனதுதான். போ, போ. எனக்கு இன்னும் இருபது தட்டு இருக்கு."

ஹிமாயா குனிந்து அவள் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். வாசல்வரை அழுகையை அடக்கியவள், தெருவில் அடக்கவில்லை. வெளியே காத்திருந்த ஜோவெலின் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டே, "அடிச்சாங்களா?" என்று கேட்டாள். "எழுதினாங்க" என்றாள் ஹிமாயா.

இருபத்து மூன்றாம் தேதி இதழ் வந்தது. ஒஃபெலியா காதாலானின் பெயர் தலைப்பிலேயே இருந்தது. ஹிமாயாவின் பெயர் அதற்குக் கீழே. மனோங் லித்தோ இந்த முறையும் ஒரே வரிதான் அனுப்பினார்: "மூஞ்சிப் படம் ஒன்று அனுப்பு, சிரித்த மாதிரி." அவள் அதை நாலு தடவை படித்தாள். ஐந்தாவது தடவை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். எஸ்தெர் போய் மகளின் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தாள்.

குடும்பக் குரூப்பில் மட்டும் சத்தமே இல்லை. நாற்பத்து மூன்று பேர் படித்திருந்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. பூனைக்கு மணி கட்ட யாரும் தயாரில்லை. இருபத்து நான்காம் தேதி காலை எல்லாக் கைப்பேசிகளும் ஒன்றாகச் சிணுங்கின. சரித்திரத்தில் முதல் தடவையாகப் பட்டியலில் திருத்தம் வந்திருந்தது.

ஒஃபெலியா காதாலான், துவரை-பன்றி-பலாக்காய்க் குழம்பு. ஹிமாயா, பேப்பர், இருபது பிரதி. சலோமே, ஐஸ்.

மறுநாள் பதினோரு மணிக்கு மனாங் ஓபெங் தேய்த்த உடுப்போடு முன்வாசல் வழியாக வந்தாள். குண்டானின் ஒரு காதை அவள் பிடித்திருந்தாள், இன்னொன்றை ஹிமாயா. பாட்டு மெஷினைக் குழந்தைகள் அலறவிட்டார்கள். கனடா மருமகனின் ஹாமைச் சீண்ட ஆளில்லை, எல்லோரும் குழம்பைச் சுற்றித்தான் நின்றார்கள். ரமிரோ ஒரு வாய் தின்றார். கையிலிருந்த பேப்பரைப் பார்த்தார், குழம்பைப் பார்த்தார், கடைசியாக அக்காவைப் பார்த்தார்.

"அப்ப பன்னெண்டு வருஷமா எங்களை..."

"பதிமூணு" என்றாள் சலோமே. பெரிய ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தாள், முழங்கை வரைக்கும் ஈரம். "எண்ணத் தெரியலன்னா பேசாதே. டம்ளரை நீட்டு."